ஊசிமுனையில் ஒரு நெரிசல்

ஆடிக் கிருத்திகை தினத்தில் திருத்தணிகை மலைக்குச் சென்று வந்தவர்களுக்கு, இந்த வாரம் நாம் கூறப்போகும் விஷயத்தில் பாதி முன்னமேயே தெரிந்திருக்கும். சரவணப் பொய்கையில் நீராடி, புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பக்தர்கள் அடிவாரத்தில் நிற்பார்கள். தமிழ் நாட்டார் ஒரு பக்கம் ‘அரோகரா’ என்று முழங்குவர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஆந்திர சகோதரர்கள் தங்கள் பாஷையில் அதே முழக்கத்தை எழுப்புவர். ஏறவேண்டும் என்னும் ஆவல் எல்லோருக்கும் ஒன்றே. படிகள் 365. கால்களில் வலுவும் உண்டு. உள்ளத்தில் ஊக்கமும் உண்டு. ஆயினும் வரிசை நகர்வதில்லை. காரணம் என்ன? முன்னே சென்றவர்கள் இன்னும் வழிவிடவில்லை; அவ்வளவுதான்.

அடிவாரத்தில் இன்னும் பதினாயிரம் பேர் வந்து கூடினாலும், ஒரு நாழிகையில் உச்சியை அடைகிறவர்களின் தொகை அதனால் உயர்ந்துவிடாது. அந்தத் தொகையை நிர்ணயிப்பது கீழே காத்திருப்பவர்களின் எண்ணிக்கையன்று. நடுவழியில் நிற்பவர்களின் நெரிசலேயாகும். பின்னால் இருப்பவர்கள் தள்ளினால் விபத்து நேரலாம், விரைவு நேராது.

பௌதிக சாஸ்திரத்தில் நூறு வருஷங்களுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் ஒரு செய்திக்கு இந்தப் படிக்கட்டு நல்ல திருஷ்டாந்தமாகும். ஓர் உலோகத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளே எண்ணற்ற எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாது உலாவிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் உலோகத்தின் மேற்பரப்பைக் கடந்து அவை தாமாக வெளியே வந்துவிடுவதில்லை. கோட்டையைச் சூழ்ந்த மதில்போல ஒரு தடை அங்கே இருக்கிறது. அந்த மதிலைக் கடக்கச் செய்யும் வழிகளில் இரண்டை இங்கே கவனிப்போம். உலோகத்தைக் காய்ச்சி, உஷ்ணத்தின் வேகத்தால் எலெக்ட்ரான்கள் மதிலைத் தாண்டிக் குதிக்கும்படி செய்வது ஒரு வழி. வெளியிலிருந்து மிக வலிய மின்சாரக் கவர்ச்சியைச் செலுத்தி, மதிலையே மெலியும்படி செய்வது மற்றொரு வழி.

முதல் வழியைப் பழைய தலைமுறையினர் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியின் பின்புறத்தில் கண்ணாடி வால்வுகள் செந்நிறமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். காற்று அகற்றப்பட்ட அந்தக் குழல்களுக்குள் காய்ந்த உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாயும். எலெக்ட்ரான் புறப்படும் இடத்தை எதிர்மின்வாய் என்றும், போய்ச் சேரும் இடத்தை நேர்மின்வாய் என்றும் கூறுவர்.

உலோகத்தை இன்னும் அதிகமாகக் காய்ச்சினால் மின்னோட்டம் இன்னும் அதிகமாகும் என்று எண்ணுவது இயல்பே. ஓரளவுவரையில் அவ்வாறே நடக்கிறது. அதற்குமேல் எவ்வளவு காய்ச்சினாலும் மின்னோட்டம் அசைவதில்லை. ஏனெனில், ஒவ்வோர் எலெக்ட்ரானும் எதிர்மின்னேற்றம் உடையது. ஒரே இன மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையன. முன்னே புறப்பட்ட எலெக்ட்ரான்கள் இடைவெளியில் இருக்கும்வரையில், பின்னே புறப்பட வருபவற்றைத் திரும்பிப் போகும்படி தள்ளிக்கொண்டே இருக்கும். மலைப்படியில் மனிதர்கள் மேனியோடு மேனி நெருங்கித் தடுக்கிறார்கள். எலெக்ட்ரான்களோ தொடாமலே, தூரத்திலிருந்தே தடுக்கின்றன. வேற்றுமை இவ்வளவே. இவ்வாறு வெற்றிடத்தில் பயணம் செய்துகொண்டிருக்கும் மின்னேற்றத்தை வெளிமின்னேற்றம் என்று நாம் குறிப்பிடுவோம்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1911-ம் வருஷத்தில் அமெரிக்கரான சைல்ட் என்பவரும், 1913-ல் லாங்மியூர் என்பவரும் அதை நிலைநாட்டினார்கள். மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் எட்டு மடங்காகலாம், அதற்குமேல் ஆகாது. இரு தகடுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்காகலாம், அதற்குமேல் ஆகாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தட்டையான தகடுகளை வைத்து, 10,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினால், சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 2.3 ஆம்பியர் ஓட்டமே கிடைக்கும். எதிர்மின்வாய் எந்த உலோகம், எவ்வளவு சூடு என்பதைப்பற்றி இந்த விதி கேட்பதேயில்லை. புறப்படத் தயாராக இருப்பவர்களின் தொகை இங்கே கணக்கில் வராது. வழியில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதே கணக்கு.

இனி, இரண்டாவது வழிக்கு வருவோம். இங்கே உஷ்ணம் தேவையில்லை; கூர்மைதான் தேவை. முருகப் பெருமானின் திருக்கரத்திலுள்ள வேலைப்போல, ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு நுண்ணியதாக, டங்ஸ்டன் கம்பி ஒன்றின் முனையைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த முனையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்துக்குக் கூர்முனையின்மேல் ஒரு தனிப்பட்ட பிரீதி உண்டு. தட்டையான பரப்பில் பரவி நிற்கும் கவர்ச்சி, கூர்முனையில் ஒருமித்துக் குவியும். ஆகவே சுமார் 2,000 வோல்ட் அழுத்தமே அந்த முனையில் சென்டிமீட்டருக்கு நான்கு கோடி வோல்ட் என்னும் உக்கிரமான மின்புலத்தை உண்டாக்கிவிடுகிறது.

அவ்வளவு வலிய புலத்தில் மதில் தாழ்ந்துவிடுவதோடு மிகவும் மெலிந்தும் போகிறது. அப்பொழுது எலெக்ட்ரான்கள் மதிலைத் தாண்டுவதில்லை, ஊடுருவி வெளிப்படுகின்றன! ‘இதென்ன மாயம்? மதிலைத் தாண்டாமல் மதிலுக்கு அப்பால் எப்படிப் போகமுடியும்?’ என்று நேயர்கள் கேட்கலாம். நமது கண்ணுக்குத் தெரியும் உலகத்தில் போகமுடியாதுதான். ஆனால் எலெக்ட்ரானுக்கு அலையின் தன்மையும் உண்டு. மெல்லிய தடையைச் சந்திக்கும் அலையின் ஒரு சிறு பகுதி அப்புறத்திலும் தலை காட்டுகிறது. மதில் எவ்வளவுக்கெவ்வளவு மெலிகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு ஊடுருவுகின்றவற்றின் தொகை பெருகுகிறது. இதனை மின்புல உமிழ்வு என்பர்.

இந்தப் பெருக்கம் எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம். மேலே சொன்ன ஊசியில் மின்னழுத்தத்தை 2,000 வோல்ட்டிலிருந்து 2,500 வோல்ட்டாக, அஃதாவது கால் பங்கு மாத்திரம், உயர்த்துவோம். மின்னோட்டம் கால் பங்கா உயர்கிறது? முப்பது மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. இந்த விதியைக் குவாண்டம் சாஸ்திரத்தின் வாயிலாக 1928-ம் வருஷத்தில் கணித்து வெளியிட்டவர்கள், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரால்ஃப் ஃபௌலரும், ஜெர்மானியரான லோதர் நார்ட்ஹைமும் ஆவர். உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்களைப்பற்றி ஜெர்மானிய அறிஞர் ஆர்னால்ட் ஸொம்மர்ஃபெல்ட் அப்போதுதான் அமைத்திருந்த புதிய கொள்கையே அவர்களுக்கு அஸ்திவாரமாக இருந்தது.

இந்த இடத்தில் நமது சென்னைப் பட்டணத்தையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது பொருத்தமாகும். அதே 1928-ம் வருஷத்தின் பிற்பகுதியில் ஸொம்மர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்தார். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியிலும் பேசினார். அக்கல்லூரியில் அப்போது படித்துவந்த, பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவர், அவரைத் தனியே சென்று கண்டார். தாம் கற்றிருந்த பழைய கொள்கைகள் மாறிவிட்டன என்பதை அன்றுதான் அந்த மாணவர் அறிந்தார். மனம் தளரவில்லை. ஸொம்மர்ஃபெல்ட் கொடுத்த, உலோக எலெக்ட்ரான்களைப்பற்றிய கட்டுரையின் அச்சுப்படிகளைப் பெற்றுக்கொண்டு அதில் ஆழ்ந்துவிட்டார். சில மாதங்களுக்குள் தாமே ஒரு கட்டுரை எழுதி ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் பிரசுரமாயிற்று. 1930-ல் கப்பலேறி ஃபௌலரிடமே மாணவராகச் சேர்ந்த அவர்தாம், பிற்காலத்தில், 1983-ல், நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். ஊசிமுனையின் இரகசியத்தை வெளிப்படுத்திய அதே கொள்கை, மெரினாக் கடற்கரையை அடுத்த ஒரு கல்லூரி மாணவரின் கையில் நட்சத்திரங்களின் இரகசியத்தை நோக்கித் திரும்பிற்று என்பது நினைக்க நினைக்க இன்பம் தருவதாகும்.

இப்பொழுது நம் முன்னே இரண்டு விதிகள் நிற்கின்றன. ‘அழுத்தத்தைக் கால் பங்கு கூட்டு, முப்பது மடங்கு தருகிறேன்’ என்கிறது ஃபௌலர்-நார்ட்ஹைம் விதி. ‘கால் பங்கு கூட்டினால் 1.4 மடங்குதான் நான் வழிவிடுவேன்’ என்கிறது சைல்ட்-லாங்மியூர் விதி. முன்னது வள்ளல், பின்னது கணக்குப்பிள்ளை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் யார் சொல் செல்லும்?

மின்னோட்டம் குறைவாக உள்ளவரையில் வள்ளலின் சொல்லே செல்லும். இடைவெளியில் எலெக்ட்ரான்கள் அரிதாக இருப்பதால் அங்கே நெரிசல் என்பதே இல்லை. அழுத்தம் உயர உயர எலெக்ட்ரான்கள் அடர்ந்து, முனையின்மேல் விழும் மின்புலத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கத் தொடங்குகின்றன. இங்கேதான் காய்ந்த உலோகத்துக்கும் கூர்முனைக்கும் ஒரு முக்கியமான பேதம் இருக்கிறது. காய்ந்த உலோகத்தில் எலெக்ட்ரானை வெளியே அனுப்புவது உஷ்ணம். மேற்பரப்பில் மின்புலம் அறவே இல்லாமற் போனாலும் அனுப்பும் வேலை நிற்காது. கூர்முனையிலோ அனுப்புவதே மின்புலந்தான். வெளியே சென்றவை புலத்தைக் குறைத்தால், வெளியே வருபவையும் குறையும். வருபவை குறைந்தால் நெரிசல் தளரும். நெரிசல் தளர்ந்தால் புலம் மறுபடியும் ஓங்கும். ஆகவே புலம் ஒருபோதும் பூஜ்யமாகிவிடாது. முற்றிலும் ஓங்கியும் நில்லாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலையில், தராசு முள்போல, தானே நின்றுகொள்ளும். கட்டளையிடுபவர் எவரும் இன்றி மின்னோட்டம் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது.

‘தட்டையான தகட்டில் 2.3 ஆம்பியருக்கே நெரிசல் வந்துவிட்டதே. ஊசிமுனையில் எப்போது வரும்?’ என்ற கேள்வி அடுத்தபடியாக எழும். விடை ஆச்சரியமானது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கோடி ஆம்பியர் என்னும் நிலையை அணுகும்போதுதான் நெரிசல் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. (முனையின் பரப்பு மிகமிகச் சிறியதாகையால், உண்மையில் கம்பியில் ஓடுவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்குகளே என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.) இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, முனையருகில் மின்புலம் அவ்வளவு உக்கிரமாக இருப்பதால், எலெக்ட்ரான் வெளிப்பட்ட மறுகணமே பெருவேகம் அடைந்து இடத்தைக் காலி செய்துவிடுகிறது. மற்றொன்று, ஊசிமுனையிலிருந்து புறப்படுபவை நாலா பக்கமும் விசிறிபோல் விரிந்து செல்கின்றன. முனையின் ஆரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் போவதற்குள் அவை பரவும் பரப்பு நூறு மடங்காகிவிடுகிறது. கோபுர வாசல் குறுகியதாயினும், வாசலுக்கு வெளியே பரந்த மைதானம் இருந்தால் கூட்டம் எவ்வளவு சுலபமாகக் கலைகிறது! வாசலுக்கு வெளியேயும் அதே அகலத்தில் நீண்ட சந்து இருந்தால் எவ்வளவு தாமதம்! தட்டையான தகடு சந்து, ஊசிமுனை மைதானம்.

இதனைப் பரிசோதனையால் நிரூபித்தவர்கள் ஒரு பெரிய சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மக்மின்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே அப்போது லின்ஃபீல்ட் கல்லூரி என்னும் பெயரோடு இருந்த சிறிய கல்லூரியில் வால்டர் டைக் என்பவரும் அவருடைய தோழர்களும் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்டு, 1953-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவ்வளவு அடர்ந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் ஊசி உருகிப் போகுமாகையால், ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவான குறுகிய துடிப்புகளாக மின்சாரத்தைச் செலுத்தினார்கள். குறைந்த ஓட்டத்தில், ஃபௌலர்-நார்ட்ஹைம் விதிப்படி வரைபடம் நேர்கோடாகவே சென்றது. ஓட்டம் அடர்ந்தபோது கோடு வளைந்து தாழ்ந்தது. அந்த வளைவே வெளிமின்னேற்றத்தின் கையொப்பம்.

அது வேறு ஏதேனும் காரணத்தால் நேர்ந்த வளைவாக இருக்கலாகாதா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஓர் அழகிய உபாயம் செய்தார்கள். டங்ஸ்டன் முனையின்மேல் பேரியம் என்னும் உலோகத்தை மிக மெல்லியதாகப் படியச் செய்தார்கள். பேரியம் படிந்தால் மதிலின் உயரம் குறையும். எலெக்ட்ரான்கள் இன்னும் எளிதில் வெளிவரும். மின்னோட்டம் குறைவாக இருந்தபோது, பேரியத்தால் பெரிய வித்தியாசம் உண்டாயிற்று. ஓட்டம் மிக அடர்ந்தபோதோ அந்த வித்தியாசம் தேய்ந்துகொண்டே போயிற்று. நெரிசல் முற்றிய பிறகு வாசற்படி உயரமா தாழ்வா என்பதைப்பற்றிக் கவலைப்படுவார் யார்?

இதுவரையில் வெளிமின்னேற்றத்தை ஒரு தடையாகவே வர்ணித்துவந்தோம். ஆனால் அதனால் விளையும் நன்மையையும் கூறாவிட்டால் அநீதியாகும். மின்னோட்டம் மேலும் மேலும் அடர்ந்தால் ஊசிமுனை சூடேறும். சூடு எல்லை கடந்தால் முனையிலிருந்து டங்ஸ்டன் அணுக்கள் ஆவியாகக் கிளம்பும். பாய்ந்து வரும் எலெக்ட்ரான்கள் அந்த அணுக்களை மோதி அவற்றை நேர்மின்னேற்றம் உடையவைகளாக மாற்றிவிடும். டங்ஸ்டன் அணு எலெக்ட்ரானைப்போல மூன்று லட்சம் மடங்குக்கு மேல் கனமானது. ஆதலால் அது விரைந்து ஓடிவிடாமல் முனையருகிலேயே தயங்கி நிற்கும். நேரும் எதிரும் கலந்தால் என்ன ஆகும்? எலெக்ட்ரான்களின் நெரிசல் உண்டாக்கிய தடை சமன் செய்யப்பட்டு மறைந்துபோகும். உடனே மின்புலம் பழைய உக்கிரத்தோடு முனையின்மேல் பாயும். மின்னோட்டம் கட்டவிழ்ந்து பெருகும். சூடு இன்னும் ஏறும். இன்னும் அணுக்கள் ஆவியாகும். கண்ணிமைப்பதற்குள் வெற்றிடத்தில் ஒரு மின்சாரச் சுடர் மூண்டு, பாடுபட்டுத் தீட்டிய முனை உருகி மொட்டையாகிவிடும். தடை நீங்கியதே என்று மகிழ்வதற்கு இடமில்லை. தடையோடு காவலும் போயிற்று.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெறும் வேடிக்கைக்காகவா? இல்லை. மின்புல உமிழ்வால் இயங்கும் ஊசிமுனைகள் இன்று மிகச் சிறந்த எலெக்ட்ரான் நுண்நோக்கிகளின் இருதயமாக விளங்குகின்றன. சிகாகோவில் ஆல்பர்ட் க்ரூ என்பவர் அத்தகைய முனை ஒன்றைக்கொண்டே 1970-ல் தனித்தனியான கனமுள்ள அணுக்களைக் காட்டினார். நுண்நோக்கியில் உருவம் தெளிவாக விழவேண்டுமானால், எலெக்ட்ரான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரவேண்டும். நெருங்கி வரும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளினால் வேகங்கள் மாறுபட்டு உருவம் மங்கும். ஆகையால் முனையிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் பெறலாம் என்பதைக் கேட்டால் மட்டும் போதாது. எவ்வளவோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதையும் நுண்நோக்கியை அமைப்பவர் கேட்டாகவேண்டும்.

ஊசிமுனையின் சரித்திரத்தில் பாரத நாட்டாருக்கு மற்றொரு பங்கும் உண்டு. 1936-ல் எர்வின் ம்யூல்லர் என்ற ஜெர்மானியர், ஊசிமுனையிலிருந்து விசிறிபோல் விரியும் எலெக்ட்ரான்களை ஒளிரும் திரையில் விழச் செய்து, முனையின் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பின்னர் அவர் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாண சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அதே ஊசியில் மின்சாரத்தின் திசையை மாற்றி, எலெக்ட்ரான்களுக்குப் பதிலாக ஹீலியம் வாயுவின் மின்னேற்ற அணுக்களைத் திரைக்கு அனுப்பினார். 1955-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி, அவரும் அவருடைய இந்திய மாணவரான கன்வர் பகதூரும் அந்தத் திரையில் டங்ஸ்டன் முனையின் அணுக்களை வரிசை வரிசையான ஒளிப்புள்ளிகளாகக் கண்டார்கள். கணாதர் காலந்தொட்டு நம்மவர் கருத்தால் மட்டுமே கண்டுவந்த அணுவின் வடிவைக் கண்ணால் கண்டவர்களின் முதல் வரிசையில் நம்மவர் ஒருவரும் இருந்தார் என்பது பெருமைக்குரியதே.

பெருமையோடு நின்றுவிடாமல் ஒரு விஷயத்தை யோசிக்கவேண்டும். வெளிமின்னேற்றத்தின் வளைவைக் கண்டுபிடித்தது ஒரு சிற்றூர்க் கல்லூரி. அதற்கு வேண்டியிருந்தவை ஒரு கம்பி, நல்ல வெற்றிடம், பொறுமை, சரியான கேள்வி ஆகியவை. 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியப் பீடத்தில் அமர்ந்தார். பிறகு நமது குடியரசுக்கே தலைவரானார். இன்று அதே திருத்தணியில் ஓர் அரசினர் கலைக் கல்லூரியும் இருக்கிறது. அத்தகைய கல்லூரிகளில் பௌதிகம் பயிலும் பிள்ளைகள், பரீக்ஷைக்காக ஃபௌலர் விதியையும் லாங்மியூர் விதியையும் தனித்தனியே நெட்டுருப் போடுவதோடு திருப்தியடையலாகாது. இரண்டும் ஒரே முனையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று ஆசிரியரைக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால், ‘பாடத்தில் இல்லாததை ஏன் கேட்கிறாய்?’ என்று அடக்கிவிடாதீர்கள். டைக்கும் அவருடைய தோழர்களும் விடை தேடிப் புறப்பட்டதும் அதே கேள்விக்குத்தான்.